மறைந்தோரின் மறுமொழி

மாண்டவரோடு ஒரு முறையேனும் பேசிவிட வேண்டும் என்னும் ஏக்கம் மனித குலத்திற்குப் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அதன்மேல் அவன் பெயரும் பீடும் பொறித்து, அதன் முன் நின்று வேண்டிக்கொண்டவர்கள் நம் முன்னோர். அமாவாசைதோறும் எள்ளும் நீரும் இறைத்துத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோரைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இன்றும் நம்மிடையே உளர். இல்வாழ்வான் பேண வேண்டியோரை எண்ணப் புகுந்த வள்ளுவர், தென்புலத்தாரையே முதலில் வைத்தார். கூடத்தில் மாலையிட்ட படத்தின் முன் நின்று, "இன்று பிள்ளைக்குப் பரீட்சை, நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று முணுமுணுக்கும் தாய்மாரை நாம் யாவரும் அறிவோம்.

இவை எல்லாவற்றிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. பேசுகிறவர்கள் நாம், அப்புறத்திலிருந்து மறுமொழி வருவதில்லை. மறுமொழி வாராது என்பதை அறிந்தே நாம் பேசி வந்தோம். அந்த மௌனத்தைத்தான் இன்று ஓர் இயந்திரம் கலைக்க முற்பட்டிருக்கிறது. மறைந்தவர் எழுதிய கடிதங்களையும், அவர் அனுப்பிய செய்திகளையும், பதிவான அவர் குரலையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டினால், அவரே பேசுவது போல அது நம்மோடு உரையாடுகிறது. இது நன்றா, தீதா? இதனை நாம் எவ்வாறு ஏற்பது? இவ்வினாக்களைச் சற்றே ஆராய்வோம்.

விஞ்ஞானம் இவ்வாசைக்கு ஆட்பட்டது இதுவே முதல் தடவையன்று. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த தாமஸ் ஆல்வா எடிசன் 1920-ஆம் ஆண்டில் பத்திரிகையாளர்களிடம் ஒரு செய்தியை வெளியிட்டார். இறந்தோர் நம்மோடு தொடர்புகொள்ள விரும்பினால், அவர்களுக்கு உதவக்கூடிய மிக நுட்பமான கருவி ஒன்றை அமைக்க முயன்று வருவதாக அவர் சொன்னார். அக்கருவி வெளிவரவே இல்லை. ஆயினும் எடிசனின் எண்ணத்தில் ஒரு நேர்மை இருந்தது. மறுமுனையில் ஒருவர் இருந்தால்தான் கருவிக்கு வேலை என்று அவர் கருதினார். இன்றைய இயந்திரத்திற்கோ மறுமுனையில் எவரும் இருக்க வேண்டுவதில்லை.

இவ்வியந்திரத்தின் மூதாதை 1966-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர், 'எலைசா' என்ற கணிப்பொறி நிரல் ஒன்றை இயற்றினார். மனநோய் மருத்துவர் ஒருவரைப் போல அது உரையாடும். "என் தாயை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது" என்று நாம் எழுதினால், "உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள்" என்று அது கேட்கும். நாம் இட்ட சொற்களையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்குவதன்றி அதற்கு வேறு வித்தை தெரியாது. அந்த நிரல் உருவானதை மாதக்கணக்கில் அருகிருந்து பார்த்தவர் பேராசிரியரின் காரியதரிசி. அவரே அதனோடு சில வரிகள் உரையாடியதும், தம்மைத் தனியே விட்டு அறையை விட்டு வெளியேறுமாறு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம். இதனைக் கண்டு திகைத்த வைசன்பாம், 1976-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதித் தம் கவலையை வெளிப்படுத்தினார். கேட்கும் செவி ஒன்று கிடைத்ததென்று எண்ணிவிட்டால், அச்செவி எதனால் ஆயது என்று மனித மனம் ஆராய்வதில்லை. இந்தப் பாடத்தை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இன்றைய மொழி மாதிரிகள் எலைசாவைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. எனினும் அவற்றின் அடிப்படையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எண்ணற்ற நூல்களையும் கட்டுரைகளையும் உரையாடல்களையும் படித்து, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரக்கூடும் என்பதை அவை கணித்துப் பழகியுள்ளன. அவ்வாறு பழகிய இயந்திரத்திடம் ஒருவருடைய கடிதங்களை ஒப்படைத்தால், அவருடைய சொல்லாட்சியையும் வாக்கியப் போக்கையும் அது பற்றிக்கொள்ளும். குரலைப் பற்றிக்கொள்வது அதனினும் எளிதாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமேசான் நிறுவனத்தார் ஒரு செய்முறைக் காட்சியை நடத்தினார்கள். மறைந்த பாட்டியின் குரலில் பேரனுக்குக் கதை படித்துக் காட்டியது அவர்களுடைய கருவி. ஒரு நிமிஷத்திற்கும் குறைவான ஒலிப்பதிவு இதற்குப் போதும் என்று அவர்கள் அறிவித்தார்கள்.

இனி, இத்துறையில் நிகழ்ந்தவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஜேம்ஸ் வ்லாஹோஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் அனுபவம். 2016-ஆம் ஆண்டில் அவர் தந்தையாருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. மகன் தந்தையின் எதிரே அமர்ந்து, அவர் வாழ்க்கைக் கதையைப் பன்னிரண்டு அமர்வுகளில் ஒலிப்பதிவு செய்தார். எழுத்தில் பெயர்த்தபோது அது 91,970 சொற்களாக விரிந்தது. அச்சொற்களைக் கொண்டு, கேட்ட கேள்விக்கு விடை பகரும் நிரல் ஒன்றை மகன் அமைத்தார். தந்தையார் உயிரோடிருக்கையிலேயே அதனைப் பார்த்தார். 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார்.

இரண்டாவது, யூஜீனியா குய்டா என்னும் ருஷ்ய நாட்டுப் பெண்மணியின் அனுபவம். அவருடைய நெருங்கிய நண்பர் ரோமன் மசுரென்கோ 2015-ஆம் ஆண்டு நவம்பரில், மாஸ்கோ நகரத்தில் கார் மோதி இறந்தார். அவர் அனுப்பியிருந்த செய்திகளைத் தோழர்களிடமிருந்தும் திரட்டி, ஏறத்தாழ 8,000 வரிகளைக் கொண்டு, அவரைப் போலப் பேசும் நிரல் ஒன்றை 2016-இல் குய்டா அமைத்தார். நண்பர்களுள் சிலர் அதனோடு பேசி ஆறுதல் எய்தினர். வேறு சிலர் அதனைத் தீண்டவும் மறுத்தனர். ஒரே மனிதரை இழந்து ஒரே துயரத்தில் மூழ்கியவர்களே இருவேறு முடிவுக்கு வந்தார்கள் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, தென் கொரியாவில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிகழ்ச்சி. ஏழு வயதில் நோயால் இறந்த சிறுமி ஒருத்தியின் உருவத்தை மெய்நிகர்க் காட்சியாக அமைத்து, கண்ணுக்கும் கைக்கும் கருவி பூட்டிய தாயை அவள் முன் நிறுத்தினார்கள். தாய் அழுதார், காற்றைத் தடவினார். காட்சியின் முடிவில் குழந்தை உறங்கிப்போய், ஒரு வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்து சென்றது. இம்முடிவைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையாகாது. முதலாவதில் பேசியவர் தந்தையே. தாம் பேசுவது எதற்காக என்பதையும் அவர் அறிந்திருந்தார். இயந்திரம் செய்தது அவர் சொன்னவற்றுள் உரியதை எடுத்துக் கொடுத்தமை. மற்ற இரண்டிலும், இறந்தவர் ஒருபோதும் சொல்லாத சொற்கள் அவர் வாயில் வைக்கப்பட்டன. பாதுகாத்தல் வேறு, புனைதல் வேறு. முன்னதை நூலகத்திற்கு ஒப்பிடலாம். பின்னது நாடகத்தை ஒத்தது. நாடகம் தாழ்ந்ததன்று. ஆனால் நாடகத்தை நாடகமென்று அறிந்து பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இது நுழைந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்தில், 1997-இல் மறைந்த ஷாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவருடைய குரல்களும் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒரு பாட்டில் ஒலித்தன. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான், இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். அதே ஆண்டில் தமிழக அரசியல் மேடைகளிலும் மறைந்த தலைவர்களின் உருவமும் குரலும் இவ்வண்ணமே எழுப்பப்பெற்றன. ஒரு கட்சி மட்டும் அன்று, எதிரெதிர் முகாம்களும் இதனைக் கையாண்டன.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவர் மறைவோடு மறைகின்றன. சொத்தைப் போல வாரிசுக்கு இறங்குவன அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் கருதிற்று. சீன தேசத்தில் 2021-இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டமோ, இறந்தவரின் பெயர், உருவம், மதிப்பு, அந்தரங்கம் ஆகியவற்றிற்குப் பங்கம் நேர்ந்தால் துணைவரும் மக்களும் பெற்றோரும் வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. நம் பாராளுமன்றம் 2023-இல் இயற்றிய தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தம் மறைவுக்குப் பின் தம் தரவு உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமனம் செய்யலாம் என்றோர் ஏற்பாடு காணப்படுகிறது. வங்கிக் கணக்கிற்கு நியமனதாரரைக் குறிப்பது போன்றது இது. ஆயினும், "என் குரலில் இயந்திரம் பேசலாமா, கூடாதா?" என்று வெளிப்படையாக ஒருவரைக் கேட்டுப் பதில் பெறும் வழக்கம் நம்மிடம் இன்னும் தோன்றவில்லை.

நேயர்களே, இதுகாறும் பிறர் அனுபவத்தைச் சொன்னோம். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லுதல் தகும்.

எங்கள் அன்னையார் கும்பகோணத்தில் இருந்தார். நாங்கள் தில்லியில் வசிக்கிறோம். தம்பி பெங்களூரில் இருக்கிறான். நாள்தோறும் காலையில் காப்பி அருந்தியதும் அம்மா கைப்பேசியில் ஒரு குரல் செய்தி அனுப்புவார். குழாயில் தண்ணீர் வந்தது, கத்தரிக்காய் விலை ஏறிவிட்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது இவைதாம் செய்திகள். அவை 400-க்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு மார்கழிக் கடைசியில் அம்மாவுக்குத் திடீரென்று பக்கவாதம் தாக்கிற்று. தில்லியில் அன்று கடும் மூடுபனி. விமானம் பல மணி நேரம் தாமதித்துக் கிளம்பியது. திருச்சியில் இறங்கிக் காரில் கும்பகோணம் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஓர் இரவு தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, அம்மாவோடு பேசுகிறாயா?" என்றான். இத்தகைய சேவை நடத்தும் நிறுவனம் ஒன்றிடம் குரல் செய்திகள் அனைத்தையும் கொடுத்து, அம்மாவைப் போலப் பேசும் நிரலை அவன் அமைத்திருந்தான். "என்ன, சாப்பிட்டாயிற்றா?" என்று குரல் கேட்டது. அதே குரல், தொண்டையைச் செருமும் ஓசை உட்பட அதே குரல். "பனிமூட்டத்தால் எங்களால் வர முடியவில்லையே, அம்மா. கோபமா?" என்று கேட்டோம். "கோபம் எதற்கு? நீ வேண்டுமென்றா தாமதித்தாய்? நீ நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும்" என்று மறுமொழி வந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் எவரும் உறங்கவில்லை. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிற்று என்பதும் மெய்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாக்கியம் மிகவும் சரளமாக அமைந்துவிட்டால் உடனே ஐயம் எழும். மூலத்தைப் புரட்டிப் பார்ப்போம். மூலத்தில் முரடாக இருந்த இடத்தை வரைவு மெருகிட்டுவிட்டதோ என்று சரிபார்ப்போம். சுற்றறிக்கையாயினும் சட்டமாயினும் எங்களுக்கு இது நாள்தோறும் நிகழ்வது. அம்மாவின் அவ்வாக்கியமும் அவ்வாறே எங்களை உறுத்திற்று. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அமர்ந்து, 400 செய்திகளையும் முதலிலிருந்து கேட்டோம்.

"எனக்கு அதுவே போதும்" என்று அம்மா ஓரிடத்திலும் சொல்லவில்லை. தம்பி மகனின் காதுகுத்துக்கு நாங்கள் விடுப்புக் கிடைக்காமல் போக இயலாதபோது அவர் சொன்னது இது: "சர்க்கார் உன்னை விடாது, சரி. நீ கேட்டாயா என்பதுதான் என் கேள்வி." அதன்பின் நான்கு நாட்கள் செய்தியே இல்லை. ஐந்தாம் நாள் காலை, "குழாயில் இன்றும் தண்ணீர் வரவில்லை" என்று வந்தது. எங்கள் அம்மாவின் மன்னிப்பு அதுதான். நான்கு நாள் மௌனமும், அதன் முடிவில் ஒரு குழாய்த் தண்ணீரும். இயந்திரமோ கேட்ட கணத்திலேயே மன்னித்தது. கேட்பவர் மனம் நோகாமல் பேசுவதே அதற்குப் பயிற்றுவிக்கப்பட்ட பண்பு. எங்கள் குற்ற உணர்வைத் தீர்க்க அம்மாவின் குரலை அது இரவல் வாங்கிற்று, அம்மாவை அன்று.

இதனைத் தம்பியிடம் சொன்னோம். அவன் சினக்கவில்லை. "அக்கா, உனக்கு மூலம் வேண்டும். எனக்கு இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் வேண்டும்" என்றான். அதற்கு எங்களிடம் மறுப்பு இல்லை. அவன் துயரத்தை அளக்க எங்களிடம் கோல் ஏது? முடிவில், ஆண்டுத் திதி வரையில் வைத்துக்கொள்வது, அதன் பின் நிறுத்திவிடுவது என்று இருவரும் ஒப்பினோம்.

திதி முடிந்தது. மறுநாள் அவன் அதனை மூடிவிட்டதாகச் சொன்னான். "கடைசியாக என்ன பேசினாய்?" என்று கேட்டோம். "போய் வா அம்மா என்று சொன்னேன்" என்றான். "அதற்கு அது என்ன சொல்லிற்று?" சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "நான் எங்கே போகிறேன், எப்பொழுதும் உன்னோடுதான் இருப்பேன் என்றது" என்று சொன்னான்.

அப்பொழுதுதான் ஒன்று எங்களுக்குத் தெளிவாயிற்று. தர்ப்பணத்தில் முன்னோரை அழைக்கும் சடங்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அவர்களை வழியனுப்பும் சடங்கு. வரவேற்று எள்ளும் நீரும் அளித்தபின், தங்கள் இடத்திற்கு எழுந்தருளுமாறு வேண்டிக்கொண்டே கர்த்தா எழுகிறான். பத்தாம் நாள், பதினாறாம் நாள், ஆண்டுத் திதி என்று துக்கத்திற்கு நம் முன்னோர் எல்லைகள் வகுத்தனர். மறப்பதற்கன்று, தாங்குவதற்கு. அழைக்கத் தெரிந்த இயந்திரத்திற்கு அனுப்பத் தெரியவில்லை. கொரிய நாட்டு நிகழ்ச்சியை அமைத்தவர்கள், குழந்தையை வண்ணத்துப்பூச்சியாக்கிப் பறக்கவிட்டதில் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்திருந்தார்கள் எனலாம். 2024-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கட்டுரையும் இதனையே வலியுறுத்துகிறது. இத்தகைய நிரல்களுக்குக் கண்ணியமாக விடை கொடுத்து நிறுத்தும் முறை வேண்டும் என்றும், மறைந்த பாட்டியின் குரல் ஒருநாள் விளம்பரம் செய்யும் குரலாக மாறிவிடக்கூடாது என்றும் அவர்கள் எச்சரித்துள்ளனர்.

ஆதலின் இவ்வியந்திரத்தை அறவே விலக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இதனை நாடுவோர் சில நியதிகளைக் கைக்கொள்ளுதல் நலம் என்றே சொல்கிறோம். முதலாவதாக, உயிரோடிருப்பவரைக் கேளுங்கள். முதியோர் எதிரே அமர்ந்து அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே பதிவு செய்யுங்கள். பின்னர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். இரண்டாவதாக, மூலத்தை மூலமாகவே வையுங்கள். இயந்திரம் புனைந்ததையும் மறைந்தவர் சொன்னதையும் ஒரே பேழையில் கலந்துவிடாதீர்கள். நாளைப் பேரக் குழந்தைகள் எது பாட்டியின் சொல், எது பொறியின் சொல் என்று அறிய இயலாமற் போகும். மூன்றாவதாக, குழந்தைகளை இதன் முன் தனியே விடாதீர்கள். நான்காவதாக, தொடங்கும்போதே முடிவு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவின் 400 செய்திகளும் தேதி வாரியாக எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. சில நாள் காலையில், அதே தேதிக்கு முந்திய ஆண்டில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கிறோம். கத்தரிக்காய் விலை வரும். எதிர்வீட்டுக் கல்யாணம் வரும். சில தேதிகளில் எங்கள் மீது குறையும் வரும். நான்கு தேதிகளில் ஒன்றும் இராது. அந்த நான்கு நாட்களையும் எங்கள் அம்மா பேசிய நாட்களாகவே நாங்கள் எண்ணி வருகிறோம்.